படுத்துப் பார்த்துதான் டிவி மாட்டுவோம்

வேலையிலிருந்து நின்ற அன்று பட்டறையில் எனக்கு ஒரு டிவி கொடுத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாழ்நாளெல்லாம் டிவி மாட்டினவனுக்கு டிவியே பரிசு.

வீட்டில் அதை மாட்டுவதற்கு முன்னால் கட்டிலில் போய்ப் படுத்தேன். என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆணி அடிக்கச் சொன்னா கட்டில்ல போய்ப் படுக்கீங்க?"

"படுக்காம எப்படி அடிக்க?" என்றேன்.

நான் சங்கரன்கோவிலில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் உள்வேலை பார்த்தவன். உள்வேலை என்றால் சீட், படுக்கை, அலமாரி, கூரைப் பலகை. கடைசிப் பதினைந்து வருஷம் பெரும்பாலும் கேரவன்தான் கட்டினோம். உள்ளேயே படுத்து, சமைத்து, குளித்துக்கொண்டு போகிற வண்டி. முதலில் சினிமாக்காரர்கள் கேட்டார்கள். பிறகு வசதியுள்ள குடும்பங்களும் கேட்டன.

இப்போது பட்டறையில் மேஸ்திரியாக இருக்கும் செல்வம் என்னோடு வேலை பார்த்தவன். போன மாதம் வீட்டுக்கு வந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். புதுக் கேரவனுக்குப் போட்ட படம்.

"அண்ணாச்சி, ஒம்பது டிவி கேக்காங்க. பாத்ரூம்ல ஒண்ணு. படிக்கட்டுல ஒண்ணு."

"படிக்கட்டுலயா?"

"ஆமா. ஏறும்போது பாக்கதுக்காம்."

"ஏறும்போது படியைத்தானவே பாக்கணும்?"

"அதை நீங்க எழுதிக் குடுங்க. பட்டறைக்காரங்க சங்கத்துல மலர் போடுதோம். கேரவனுக்கு டிவி அதிகமா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அதிகம்தான். ஒரு வார்த்தை முடிந்துவிட்டது. ஆனால் மலரில் எனக்கென்று பக்கம் ஒதுக்கிவிட்டானாம். அதனால் எழுதுகிறேன்.

என் ஊர் இளையரசனேந்தல் பக்கம். மழை பெய்தால் வேலை. பெய்யாவிட்டால் இல்லை. எட்டாம் வகுப்பில் பெயிலானேன். மாமா ஒருவர் லாரிக்குப் பலகை அடிக்கும் பட்டறையில் சேர்த்துவிட்டார். சுமந்தேன், அறுத்தேன், இழைத்தேன். லாரியிலிருந்து பஸ்ஸுக்கு வந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பஸ் பட்டறையில் எங்களுக்கு மேஸ்திரி சாமுவேல் அண்ணாச்சி. ஒல்லியான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை. கிரீஸும் பெயிண்ட்டும் கிடக்கிற இடத்தில் அந்தச் சட்டையில் நான் ஒரு கறை பார்த்ததில்லை. அவர் யாரையும் திட்டமாட்டார். தப்பு கண்ணில் பட்டால் அந்த இடத்தில் விரலை வைப்பார். வைத்த விரலை எடுக்கமாட்டார். செய்தவன் எங்கே இருந்தாலும் வந்து பார்க்கிற வரைக்கும் விரல் அங்கேயே இருக்கும். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருக்கும். அந்த விரல் மறக்கவில்லை.

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று. வண்டி முடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். ஒவ்வொரு சீட்டிலும் உட்காருவார். ஒவ்வொரு படுக்கையிலும் படுப்பார். கண்ணை மூடமாட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எங்களைப் படுக்க வைப்பார். குட்டையானவன் ஒருவன், நெட்டையன் ஒருவன், தொந்தி உள்ளவன் ஒருவன். படுத்தவனிடம் ஒரே கேள்விதான் கேட்பார்.

"என்ன தெரியுது?"

கூரையில் ஆணித்தலை தெரிந்தால் சொல்ல வேண்டும். லைட் கண்ணில் குத்தினால் சொல்ல வேண்டும். எங்கேயாவது கிரீச் என்று சத்தம் கேட்டாலும் சொல்ல வேண்டும். தறி ஓடுகிற தெருப் பக்கம் வண்டியை விடவே கூடாது என்பார். தறிச் சத்தத்தில் வண்டியின் சத்தம் ஒளிந்துகொள்ளும்.

அதனால் எங்கள் பட்டறையில் வேலை முடிந்தது என்று யாரும் சொல்லமாட்டோம். "வண்டி படுத்தாச்சு" என்போம். வெளியே அதற்கு அர்த்தம் வேறு. வழியில் ரிப்பேராகி நின்ற வண்டியைத்தான் ஊரில் படுத்துவிட்டது என்பார்கள். அதனால் ஒரு வம்பு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதன்முதலில் நான் டிவி மாட்டியது ஒரு டூர் பஸ்ஸில். அப்போதெல்லாம் டப்பா டிவி. ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். டிரைவருக்குப் பின்னால் கூரையோரம் ஒரு இரும்புக் கூண்டு அடித்து அதில் வைக்க வேண்டும். கீழே முதல் வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். விழுந்தால் மண்டை போகும். கூண்டின் இரும்பு ஆங்கிளைக் கூரையின் குறுக்குக் கம்பியில் போல்ட் போட்டு முடுக்கினேன். சாமுவேல் அண்ணாச்சி வந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். சீட்டில் ஏறி இரண்டு கையாலும் கூண்டைப் பிடித்தார். காலைத் தூக்கிவிட்டார்.

தொங்கினார்.

"வண்டியை எடுங்கலே" என்றார்.

டிரைவர் எடுத்தான். பட்டறைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் விட்டு ஏற்றினான். அண்ணாச்சி வாழைத்தார் மாதிரி ஆடினார். கூண்டு அசையவில்லை. இறங்கிச் சட்டையைச் சரிசெய்தார்.

"நான் விழல. டிவி விழாது."

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் டிவி மாட்டினால் ஒரு ஆள் தொங்குவான். டிவி தட்டையாகி, ஒரு கையில் தூக்குகிற அளவுக்கு வந்த பிறகும் தொங்கினோம். எங்கள் வண்டியில் இதுவரை டிவி விழுந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

கேரவன் வந்த பிறகு டிவி பெருகியது. ஏன் என்று எனக்குத் தெரியும். கேரவனில் பணம் விழுங்குகிற சாமானெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். பேட்டரி தரைக்கு அடியில் இருக்கும். நல்ல வயர் பலகைக்குள் போய்விடும். வாங்கினவர் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டும்போது எதைக் காட்டுவார்? டிவியைக் காட்டுவார். "ஹால்ல ஒண்ணு, ரூம்ல ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஒண்ணு." கேட்கிறவர்கள் வாயில் கை வைப்பார்கள். அடுத்தவர் வந்து அதைவிட ஒன்று கூடக் கேட்பார்.

ராஜபாளையத்துக்காரர் ஒருவருக்கு ஆறு டிவி வைத்துக் கட்டினோம். எல்லாம் ஒரே கம்பெனி டிவி. வண்டியை ஒப்படைக்கிற அன்று குடும்பமே ஏறியது. பெரியவர் ஹாலில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினார். அவருக்குச் செய்தி வந்தது. பின்னால் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் அதே செய்தி வந்தது. கார்ட்டூன் போச்சு என்று கத்தினார்கள். அவர்கள் ரிமோட்டை அமுக்கினார்கள். பெரியவருக்குப் பூனையும் எலியும் வந்தது. கதவு திறந்த ரூமுக்குள் சீரியல் பார்த்த அம்மாவுக்கும் பூனை எலி. ஒரே கம்பெனி என்பதால் ஒரு ரிமோட்டுக்கு எல்லா டிவியும் கேட்கும். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"என்னவே வண்டி கட்டிருக்கீரு? வீட்டுல நடக்க சண்டை அப்படியே வண்டிக்குள்ள வந்துட்டு!"

சாமுவேல் அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். "ஒரு டிவி வச்சா ஒரு சண்டைதான். ஆறு கேட்டீங்க."

ஒவ்வொரு டிவிக்கும் ரிமோட் படுகிற இடத்தில் நான் ஒரு மறைப்புப் பலகை அடித்துக் கொடுத்தேன். ரிமோட்டைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். அவருக்குத் திருப்தி.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் உள்வேலைக்காரனுக்கு ஒரு கணக்கு உண்டு. கேரவனுக்குள் சும்மா கிடக்கிற சுவர் கிடையாது. ஒரு டிவி வைத்தால் அங்கே இருந்த ஒன்று போகும். பெரும்பாலும் போவது ஜன்னல். இது எனக்கு நன்றாகப் புரிந்தது சிவகிரி வண்டியில்.

வேலுச்சாமி சிவகிரியில் எலுமிச்சை வியாபாரி. ஒரு நாள் டெம்போவில் நாலு புது டிவியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வண்டி கட்ட அடிச்சட்டம், அதான் சேஸ், அதுவே இன்னும் வரவில்லை. டிவி வந்துவிட்டது.

அவர் மனைவி பாக்கியம். கமிஷன் கடையை அவரோடு சேர்ந்து நடத்தியவர். மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இரண்டு வருஷமாகப் படுக்கை. உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்கு மேல் வலி. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது வழியெல்லாம் வெள்ளைக் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் இறக்கியதும், இனி எந்தப் பெட்டிக்குள்ளேயும் என்னை ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வாசல் தாண்டவில்லை.

ஒரே மகள் ஐதராபாத்தில் இருந்தாள். மாசமாக இருந்தாள். அவள் பயணம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அம்மாவுக்கும் ஆசை. ஆனால் வண்டி என்றால் பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேலுச்சாமி எங்களிடம் சொன்னார்.

"அண்ணாச்சி, அவ கண்ணு எந்தப் பக்கம் போனாலும் டிவி இருக்கணும். காலுக்கு எதிர்ல ஒண்ணு. மேல ஒண்ணு. சைடுல ஒண்ணு. முன்னால ஹால்ல ஒண்ணு. வண்டி அவளுக்குப் பிடிக்கணும். பிடிக்கலன்னா இதுல நான் எலுமிச்சைதான் ஏத்தணும்."

சொன்னபடி செய்தேன். படுக்கையின் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். அதில் டிவிக்கு இடம் வெட்டினேன். வேலை சுத்தமாக வந்தது. மைக்கா ஒட்டின இடம் தெரியாது. எங்கள் எலக்ட்ரீசியன் மைதீன் எல்லா டிவிக்கும் வயர் இழுத்தான்.

சாமுவேல் அண்ணாச்சி வந்து பாக்கியத்தின் படுக்கையில் படுத்தார். வண்டி ராஜபாளையம் ரோட்டில் போய்த் திரும்பி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. படுத்த வாக்கில் கையை நீட்டி, நான் ஜன்னலை அடைத்த பலகையில் விரலை வைத்தார்.

"நீ படு" என்றார். படுத்தேன்.

"என்ன தெரியுது?"

"டிவி தெரியுது அண்ணாச்சி."

"அணைச்சா?"

"அணைச்ச டிவி தெரியுது."

அவர் விரலை எடுக்கவில்லை. மைதீன் கீழே நின்று, "இது ஆம்புலன்ஸுதான். டிவி வச்ச ஆம்புலன்ஸு" என்றான்.

அண்ணாச்சி வேலுச்சாமிக்குப் போன் போடச் சொன்னார். போட்டேன்.

"வண்டி படுத்தாச்சு. ஒரு விஷயம் பேசணும். வந்துட்டுப் போங்க."

அந்தப் பக்கம் ஒரு கூச்சல்.

"ரோட்டுக்கே இன்னும் வரலையேய்யா! அதுக்குள்ள படுத்துட்டா?"

நான் விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டார். சிவகிரியிலிருந்து காரில் பறந்து வந்தார். கூடவே ஒரு மெக்கானிக். மெக்கானிக் பெரிய ஸ்பேனரோடு இறங்கி, "எங்க நிக்கு வண்டி?" என்றான். வண்டி எங்கள் வாசலில் பளபளவென்று நின்றது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம்.

சாமுவேல் அண்ணாச்சி வேலுச்சாமியை அந்தப் படுக்கையில் படுக்கச் சொன்னார். அவர் படுத்துப் பார்த்தார். முகம் மாறியது. ஆனால் விடவில்லை.

"ஜன்னல் வச்சா ரோட்டுல போறவன் வாறவனெல்லாம் அவளைப் பாப்பான். அது வேண்டாம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார் அண்ணாச்சி.

அவர் கேட்கவில்லை.

பட்டறைக்காரர்கள் வாடிக்கைக்காரர் வீட்டுக்குப் போவதில்லை. அன்று போனோம். அண்ணாச்சி, நான், வேலுச்சாமி, மூன்று பேரும். பாக்கியம் கட்டிலில் படுத்திருந்தார். எதிரே சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல்.

"வாங்க அண்ணாச்சி. வண்டி படுத்துட்டுன்னு இவரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு ஓடினாரே. சரியாயிட்டா?"

அண்ணாச்சி எங்கள் பட்டறை வழக்கத்தைச் சொன்னார். படுத்துப் பார்த்தால்தான் எங்களுக்கு வேலை முடிந்தது என்றார். பாக்கியம் தன் புருஷனைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"அப்போ நீங்க படுத்தது கணக்கில்ல அண்ணாச்சி. நான் படுத்தாத்தான் படுத்தாச்சு."

"சரிதாம்மா. படுங்க."

"நாலு டிவியாமே?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா இந்தா இதைத்தான் பாக்கேன். இதுல வாரவ எந்திச்சு நடக்கா, நான் பாத்துக்கிட்டுக் கிடக்கேன். வண்டியிலயும் இதுவா? இவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

வேலுச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன் என்றார் பாக்கியம். படுத்தால் கண்ணுக்கு நேரே ஜன்னல் இருக்க வேண்டும் என்றார். பிடிக்கவில்லை என்றால் மகள் பெயரைச் சொல்லிக்கூட யாரும் கூப்பிடக்கூடாது.

இனி எல்லாம் அந்த ஒரு ஓட்டத்தில் இருந்தது.

பஸ் ஜன்னல் உட்கார்ந்தவனுக்கு வைத்தது. படுத்தவனுக்கு அதில் வானமும் கரண்ட் கம்பியும்தான் தெரியும். நான் நாலு டிவியையும் கழற்றிவிட்டு, ஜன்னலை அடைத்த பலகையைப் பிரித்தேன். பக்கத் தகட்டைக் கீழே இறக்கி வெட்டினேன். குறுக்கே வந்த இரும்பை எடுத்துவிட்டு, மேலும் கீழும் கனமான இரும்பு வைத்து வெல்டிங்கில் பற்ற வைத்தோம். தலையணைக்கு நேராக, நீளமாக, தாழ்வாக ஒரு ஜன்னல். அப்படி ஒரு ஜன்னல் அதுவரை எங்கள் ஊரில் யாரும் வைத்ததில்லை. படுத்துப் பார்த்தேன். ரோட்டோரம் நடக்கிற ஆள், ஆடு, டீக்கடை எல்லாம் கண்ணுக்கு நேரே வந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வண்டியைச் சிவகிரிக்கு ஓட்டிப்போய், பாக்கியத்தைச் சக்கரக் கட்டிலில் கொண்டுவந்து பின்பக்கக் கதவு வழியாக ஏற்றினோம். வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

முகம் வேர்த்துவிட்டது. வாந்தி வந்தது. வேலுச்சாமி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மரமெல்லாம் என் மேல பாயுது" என்றார் பாக்கியம். "பக்கத்துல ஓடுததைப் படுத்துக்கிட்டுப் பாக்க முடியல. தலை சுத்துது."

உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் படுத்துவிட்டு எழுந்து போகிற எனக்கும் தெரியவில்லை. அவர் படுத்தே கிடக்கிறவர்.

திரும்ப வீட்டில் இறக்கும்போது சாமுவேல் அண்ணாச்சி கேட்டார்.

"எதைப் பாக்கணும்னு தோணுதும்மா?"

பாக்கியம் யோசித்தே சொன்னார். "நான் பஸ்ல ஏறினா முன் சீட்டுதான் அண்ணாச்சி. இடம் இல்லன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன். எனக்கு எதிர்ல வார ரோடு தெரியணும். எங்க போறோம்னு தெரியணும். அது இல்லன்னா எதுல போனாலும் ஒண்ணுதான்."

படுத்தவருக்கு முன் கண்ணாடியை எப்படிக் காட்டுவது? படுக்கையை முன்னால் கொண்டுபோக முடியாது. முகம் பார்க்கிற கண்ணாடி வைத்துப் பார்க்கலாமா என்றெல்லாம் நான் யோசித்தேன். மைதீன்தான் சொன்னான்.

"ரிவர்ஸ் எடுக்கதுக்கு வண்டிக்குப் பின்னால கேமரா வைக்கோம்லா? அதை முன்னால வச்சா என்ன? கூரையில ஒரு டிவியை மாட்டி அதுல குடுத்துருவோம்."

"டிவி வேண்டாம்னு சொன்னவங்களுக்கு டிவியா?" என்றேன்.

"அது டிவி இல்லவே. ஜன்னலு."

சாமுவேல் அண்ணாச்சி விரலைத் தூக்கிக் கூரையில் வைத்தார். "இந்த இடத்துல" என்றார்.

படுத்தவர் முகத்துக்கு மேலே டிவி. அது சாய்வாக இருக்க வேண்டும். கழுத்தைத் தூக்காமல் பார்க்க வேண்டும். ஆடக்கூடாது. விழவே கூடாது. கூரைக் கம்பியோடு சேர்த்து ஒரு இரும்புக் கை அடித்தேன். பாக்கியம் இன்னொரு தடவை வருவாரா என்று பயமாக இருந்தது. வேலுச்சாமி எப்படிக் கேட்டாரோ, சம்மதித்தார்.

வண்டியை மறுபடி சிவகிரிக்குக் கொண்டுபோய், அவரை வண்டிக்குள் ஹால் சோபாவில் படுக்க வைத்துவிட்டு, முதலில் அந்த இரும்புக் கையைக் காட்டினோம்.

"விழுந்துராதுல்லா?" என்றார்.

சாமுவேல் அண்ணாச்சிக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. செருப்பைக் கழற்றினார். நான் தொங்குகிறேன் என்றேன். கேட்கவில்லை. டிவியைக் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் கையைப் பிடித்தார். காலைத் தூக்கினார். வெள்ளைச் சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது.

"எடுலே வண்டியை!"

வண்டி தெருப் பள்ளத்தில் விழுந்து ஏறியது. அண்ணாச்சி ஆடினார். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்த முடியவில்லை.

"போதும், போதும், இறங்குங்க! நீங்க விழுந்து, அடுத்த கட்டில் உங்களுக்குப் போட வேண்டியதாயிரும்!"

வேலுச்சாமி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும் போலிருக்கிறது.

டிவியை மாட்டி, பாக்கியத்தைப் படுக்கையில் படுக்க வைத்தோம். மைதீன் ஸ்விட்சைப் போட்டான். ரோடு வந்தது. தெளிவாக வந்தது. வண்டி ஊருக்குள் திரும்பியது. நான் பாக்கியத்தின் முகத்தைத்தான் பார்த்தேன். கண் விரிந்தது. அப்புறம் ஒரே அலறல்.

"ஏங்க! டிரைவர் தப்புப் பக்கம் போறாரு! எதிர்ல லாரி வருது! ஓரம் கட்டச் சொல்லுங்க!"

டிரைவர் பயந்து பிரேக்கை மிதித்தான். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வண்டி சரியாக இடது ஓரத்தில்தான் நின்றது. லாரி வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. டிவியில் பார்த்தேன். அதில் நாங்கள் வலது ஓரத்தில் நின்றோம். லாரி இடது பக்கம் போனது. கடை போர்டில் எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது. தூரத்துக் கோபுரம்கூட ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

மைதீன் தலையில் கை வைத்தான். ரிவர்ஸ் கேமரா பின்னால் வைப்பதற்குச் செய்தது. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இடம் வலத்தை மாற்றித்தான் காட்டும். நாங்கள் எல்லாக் கேமராவையும் வண்டிக்குப் பின்னாலேயே மாட்டிப் பழகியவர்கள். முன்னால் மாட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பட்டறை முழுக்கப் படுத்துப் பார்த்தோம். ரோடு தெரிகிறதா என்று பார்த்தோம். எந்த ரோடு என்று பார்க்கவில்லை.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பாக்கியம் இனி ஏறமாட்டார்.

அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் படித்தார். திரும்பியிருந்த எழுத்தை ஒன்றொன்றாகப் படித்தார்.

"இது... ஜவுளிக்கடைதான? பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால உள்ளது?"

"ஆமாம்மா."

"அப்போ நம்ம சரியாத்தான் போறோம். டிவிதான் தப்பாச் சொல்லுது." மைதீனைப் பார்த்தார். "ஏ தம்பி, இதைத் திருப்ப முடியாதா?"

கேமரா வயரில் பச்சையாகச் சின்ன வளையம் ஒன்று உண்டு. எதற்கென்று தெரியாமல் நாங்கள் சுருட்டி டேப் சுற்றிவிடுவோம். மைதீன் கேமரா வாங்கின கடைக்குப் போன் போட்டுக் கேட்டான். அதை வெட்டினால் படம் நேராகும் என்றார்கள். ரோட்டோரத்தில் நின்றபடியே வெட்டினான். கோபுரம் தன் இடத்துக்கு வந்தது.

வண்டி மறுபடி கிளம்பியது. பாக்கியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. அந்தா கூட்டம். ஏங்க, அந்த இடத்துல புதுசா கடை வந்துருக்கு, எப்போ வந்துச்சு? ஆடு, ஆடு, பாத்து! எப்பா, தாண்டிட்டு."

வேலுச்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து அதே டிவியைப் பார்த்தார். அவர் எழுந்து முன்னால் போய் நிஜ ரோட்டைப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

கோவிலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றபோது தாழ்ந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னார் பாக்கியம். ஓடும்போது அது ஆகவில்லை. நிற்கும்போது ஆகும். பூக்காரி ஒருத்தி வந்தாள். ஜன்னல் வழியே கையை நீட்டிப் பேரம் பேசி இரண்டு முழம் வாங்கினார். படுத்துக்கொண்டே வாங்கினார். தலையில் வைத்துக்கொண்டார்.

"போகலாம்" என்றார்.

"வீட்டுக்கா?" என்றார் வேலுச்சாமி.

"எம்மக வீட்டுக்கு."

மிச்சம் மூன்று டிவியை என்ன செய்வது என்று வேலுச்சாமியைக் கேட்டோம். "வாங்கினது வாங்கினதுதான. மாட்டிருங்க" என்றார். உள்ளே இருந்து பாக்கியம் குரல் வந்தது. "மாட்டினா நான் இறங்கிருவேன்!" மூன்றையும் டெம்போவில் திருப்பி அனுப்பினோம். டிவிக்கு என்று காலுக்கு எதிரிலும் ஹாலிலும் நான் வெட்டின இடங்களிலும், கட்டிலை ஒட்டி இன்னொரு இடத்திலும் உள்ளே பலகை அடித்துக் கதவு வைத்தேன். மருந்து ஒன்றில், துணி ஒன்றில். கட்டிலில் கிடந்தபடி கை எட்டுகிற ஒன்றில் மகளுக்கான பலகாரம். இன்றைக்கும் என் வேலையில் நான் நல்லது என்று சொல்வது அந்த மூன்று கதவைத்தான்.

செல்வத்துக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். ஒன்பது டிவி கேட்டால் ஒன்பதும் மாட்டுங்கள். அவர்கள் வண்டி, அவர்கள் காசு. ஆனால் ஒவ்வொரு டிவிக்கு எதிரேயும் ஒருவன் படுக்கட்டும், உட்காரட்டும். வண்டியை ஓட்டுங்கள். அணைத்துவிட்டுக் கேளுங்கள், என்ன தெரியுது என்று. அணைத்த டிவி தெரிகிறது என்று அவன் சொன்னால் அந்த டிவி அதிகம். வாங்கினவரையும் படுக்க வையுங்கள். அவரே பாதியைக் கழற்றச் சொல்வார். சொல்லாவிட்டால் தொங்கிப் பார்த்துவிட்டு ஒப்படையுங்கள். படிக்கட்டில் மட்டும் வேண்டாம்.

சிவகிரி வண்டி ஐதராபாத்துக்குக் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் சாமுவேல் அண்ணாச்சி தலையைத் திருப்புவார். பிறகு ஒரு நாள் காலையில் அவருக்கே போன் வந்தது. மைதீனும் நானும் பக்கத்தில் நின்றோம். ஸ்பீக்கரில் போட்டார். பின்னால் ஒரு பச்சைக் குழந்தை அழுகிற சத்தம். அதற்கு மேலே பாக்கியத்தின் குரல்.

"அண்ணாச்சி, வண்டி படுத்தாச்சு."

"சரிம்மா" என்றார்.

போனைப் பைக்குள் போட்டார். அடுத்த வண்டி வாசலில் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.